மஞ்சள் அட்டை, பச்சை அட்டை, வெள்ளை அட்டை

மார்ச் 24, 1985 – ஞாயிறு

கக்கூஸில் இன்னொரு கதவும் விழுந்துவிட்டது. பெண்கள் பக்கம் எட்டு அறை. இனி மூன்றுக்குத்தான் கதவு. அதிலும் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, உள்ளே இருப்பவள் ஒரு கையால் இழுத்துப் பிடித்துக் கொள்ள வேண்டும்.

கதவில்லாத அறைக்குப் போவதற்கு எங்கள் சந்தில் ஒரு முறை வைத்திருக்கிறோம். இரண்டு பேர் பழைய சேலை ஒன்றை ஆளுக்கொரு முனையாக வாசலில் பிடித்துக் கொள்வோம், மூன்றாமவள் உள்ளே போவாள். பிறகு மாற்றிக் கொள்வோம். மறைப்பு பிடிப்பது என்று அதற்குப் பெயர். நான், பக்கத்து வீட்டு ராபியா, எதிர் வீட்டு மாடத்தி, மூன்று பேரும் ஒரு கூட்டு. பம்பாய்க்கு, இந்தத் தாராவிக்கு நான் வந்த நாளிலிருந்து இப்படித்தான். பால்வாடியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருவதால் ஊரே என்னை டீச்சர் என்கிறது. அங்கே போய் நின்றால் டீச்சராவது மண்ணாவது.

மார்ச் 26 – செவ்வாய்

எழுதவே கை கூசுகிறது. இன்று காலை ராபியாவின் மகள் சாயிரா உள்ளே இருந்தாள். ராபியாவும் நானும் மறைப்பு பிடித்திருந்தோம். இரண்டு தடியன்கள் ஓடி வந்தார்கள், சேலையைப் பிடுங்கினார்கள், கொடி மாதிரி ஆட்டிக்கொண்டே ஓடிவிட்டார்கள். அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஆண்கள் பக்க வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள்.

பிள்ளைக்குப் பதினான்கு வயது. எட்டாவதில் வகுப்பிலேயே முதலாவது. நான் என் உடம்பை வைத்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்ய? என்னத்தச் செய்ய முடியும் என்னால?

மார்ச் 29 – வெள்ளி

சாயிரா மூன்று நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. பகலில் தண்ணீர் குடிப்பதில்லையாம், குடித்தால் போக வேண்டி வருமே என்று. ராபியா சொல்லிச் சொல்லி அழுதாள்.

அவள் புருஷன் கரீம் பாட்சா தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறார். அதிர்ந்து பேசாத மனிதர். இன்றைக்கு என் வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கும் டீச்சரம்மா. அதுக்குள்ள கதவு வந்துச்சுன்னா புள்ள படிக்கட்டும். இல்லாட்டி கடையநல்லூர்ல கொண்டு விட்டுருவேன். எங்க மாமி மவன் பொண்ணு கேட்டுக்கிட்டேதான் இருக்கான்."

கோபத்தில் சொல்லியிருந்தால் நான் எதிர்த்துப் பேசியிருப்பேன். பயத்தில் சொன்னார்.

மார்ச் 31 – ஞாயிறு

நல்ல நாள். மாடத்தி தன் இட்லிக் கொப்பரையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள், சந்துப் பெண்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

"ஏட்டி, கேளுங்க. கார்ப்பரேஷன் ஓட்டு வருது. எவன் வந்து கும்பிட்டாலும் ஒரே பேச்சு. எட்டுக் கதவையும் மாட்டு, பொறவு ஓட்டு. மாட்டலையா, பூத்துப் பக்கமே தலை காட்ட மாட்டோம். சம்மதமா?"

எல்லாரும் சம்மதம் என்றார்கள். கல்யாணமானவள், தாலியறுத்தவள், முஸ்லிம், இந்து என்று ஒரு பேதமும் இல்லை. கக்கூஸ் எல்லாருக்கும் ஒன்றுதானே. ராபியா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சாயிரா ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தப் பெண்களுக்கு இவ்வளவு துணிச்சலா என்று எனக்கே மெய்சிலிர்த்தது.

ஏப்ரல் 2 – செவ்வாய்

வந்துவிட்டார்கள். காலையில் ஒரு கட்சி ஆட்டோவில் மைக் கட்டி, "தாய்க்குலமே, எங்கள் குலதெய்வமே" என்று கத்திக்கொண்டு போனது. பால்வாடிப் பிள்ளைகள் ஆட்டோவின் பின்னால் ஓடின. குலதெய்வங்கள் எல்லாம் குடத்தோடு தண்ணீர் வரிசையில் நின்றன.

மாலையில் சுயம்பு வந்தார். பாவநாசம் பக்கத்துக்காரர், எங்கள் வார்டில் ஜெயிக்கப் போவதாக எல்லாரும் சொல்கிற மராட்டிய வேட்பாளருக்குத் தமிழ் ஓட்டுகளைப் பிடித்துக் கொடுப்பவர். கையில் மூன்று கட்டு அட்டை. மஞ்சள், பச்சை, வெள்ளை.

"டீச்சர், நம்ம ஆளு லேடீஸுக்குன்னு தனித்தனியா ஃபங்ஷன் வைக்காரு. மஞ்சள் அட்டை சுமங்கலிங்களுக்கு, ஹல்தி-குங்கு. பச்சை நம்ம முஸ்லிம் பொம்பளையளுக்கு. வெள்ளை, நிராதார் லேடீஸுக்கு. விதவை, புருஷன் விட்டுட்டுப் போனது, அப்படி. யாரு யாருக்கு எதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே குடுத்துருங்களேன்."

நிராதார். ஆதாரம் இல்லாதவள். சர்க்கார் திட்டத்தின் பேராம் அது.

எல்லாப் பெண்களையும் ஒன்றாகக் கூப்பிடக் கூடாதா என்று கேட்டேன். "அது சரியா வராது டீச்சர். ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மனசு" என்றார்.

யோசித்தேன். மூன்று கூட்டம் என்றால் கதவை மூன்று தடவை கேட்கலாமே? மாடத்தியிடம் சொன்னேன். அவளுக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. அட்டைகளை வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 4 – வியாழன்

அட்டை கொடுத்து முடித்தேன். ஆவுடையம்மாள் வெள்ளையைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "எனக்கு எதுக்கு டீச்சரு இந்த நிறம்? தோசைக்கல்லுல போட்டு வாட்டினா மஞ்சளாயிருமா?" என்று சிரித்தாள். அவள் புருஷன் போன வருஷம் செத்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு எந்த அட்டை? என் வீட்டுக்காரர் சிவனாண்டி மஸ்கட் போய் ஆறு வருஷம். கடிதம் நின்று நாலு வருஷம். இருக்கிறாரா, இல்லையா, அங்கேயே வேறு குடும்பமா, தெரியாது. தாலி கழுத்தில் இருக்கிறது. பொட்டு வைத்துக்கொண்டுதான் பால்வாடி போகிறேன். மஞ்சளை எடுத்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 7 – ஞாயிறு

ஹல்தி-குங்கு.

நாலு நாள் கழித்து எழுதினால் நிதானமாக எழுதலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. இப்போதே எழுதிவிடுகிறேன்.

மராட்டிய வீடுகளில் சித்திரை வாக்கில் சுமங்கலிகளைக் கூப்பிட்டு, நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்து, ஊறவைத்த கடலையும் மாங்காய் அரைத்துப் போட்ட பருப்பும் கொடுத்து அனுப்புவார்கள். அவர்களுக்கு அது வருஷா வருஷம் நடக்கிற ஒரு விசேஷம், சிரிப்பும் பேச்சுமாக முடிந்து போகும். பந்தலில் வேட்பாளரின் மனைவி நின்றிருந்தாள். வஹினி, அதாவது அண்ணி, என்று எல்லாரும் கூப்பிட்டார்கள். நல்ல முகம். குறை சொல்ல மாட்டேன்.

வஹினி முதல் ஆளின் நெற்றிக்கு விரலைக் கொண்டு போனாள். சுயம்பு குறுக்கே வந்து, "நெத்தியில வேண்டாம் வஹினி, கையில குடுங்க" என்று ஹிந்தியில் சொன்னார். எனக்கு அப்போது விளங்கவில்லை. பிறகு விளங்கியது. எங்கள் பக்கத்தில் குடும்பத்துக்குள் ஒரு தகராறைத் தீர்த்தால், கடைசியில் பெண்களிடம் குங்குமத்தைக் கையில் கொடுப்பார்கள். அதைத் தாலியில் ஒற்றிக்கொண்டு ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான். மாறினால் அது புருஷன் தலையில் விடியும். பாவநாசத்துக்காரருக்கு இது தெரியாதா?

ஒவ்வொருத்தியாகக் கையில் வாங்கினார்கள். வாங்கினால் கை தானாகத் தாலிக்குப் போகிறது, பழக்கம். வஹினி மடியில் கடலையைப் போட்டு, எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கொடுத்து, "எங்களை மனசுல வச்சுக்கோங்க" என்று மராட்டியில் சொல்ல, சுயம்பு சத்தமாகத் தமிழில் சொன்னார்: "நம்ம சின்னத்துக்குத்தான் ஓட்டுன்னு சொல்லிட்டு வாங்கிக்கோங்கம்மா."

மாடத்தி முறை வந்தது. கதவைப் பற்றி அவள்தான் பேச வேண்டும். வாயைத் திறந்தாள். குங்குமம் கையில் விழுந்தது. அவள் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தாலியில் ஒற்றிக்கொண்டு, "சரிம்மா" என்றாள்.

அடுத்தது நான். வஹினியின் கை என் கைக்கு மேலே வந்துவிட்டது. சுயம்புவின் மனைவி பின்னாலிருந்து சொன்னாள், மெதுவாகத்தான் சொன்னாள்: "இவ வீட்டுக்காரரு எங்க இருக்காருன்னே தெரியாதே." சுயம்பு அதை வஹினி காதில் போட்டார். கை அப்படியே நின்றது. வஹினி என் நெற்றியைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், பிறகு சிரித்துக்கொண்டே குங்குமத்தைக் கிண்ணத்தில் திரும்பப் போட்டுவிட்டுத் தட்டை மட்டும் நீட்டினாள்.

நான் வாங்கவில்லை. கதவைக் கேட்க வந்தவள் நான். கேட்காமலே திரும்பி வந்தேன். அவமானத்தில் கதவு எனக்கு மறந்தே போச்சு.

ஏப்ரல் 8 – திங்கள்

மாடத்தியிடம் போனேன். அது வெறும் விசேஷம், சத்தியம் இல்லை, அந்த வஹினிக்கு நம் ஊர் வழக்கமே தெரியாது, இதற்குள் மறந்திருப்பாள் என்று சொல்லிப் பார்த்தேன்.

"அவளுக்குத் தெரியாட்டி என்ன? எனக்குத் தெரியுமுல்லா" என்றாள். உள்ளே அவள் புருஷன் பூலோகம் இருமிக்கொண்டிருந்தான். தோல் கிடங்கில் வேலை பார்த்து நெஞ்சு போய்விட்டது அவனுக்கு. "ஆசுபத்திரிக்கும் வீட்டுக்கும் நடையா நடக்கேன். இந்த நேரத்துல சொல்லு மாறி, அவுகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா? நீ சொல்லு மதினி. நீ ஏத்துக்கிடுவியா?"

நான் எப்படி ஏற்றுக்கொள்வேன்? மஞ்சள் அட்டைக்காரிகள் எல்லாருக்கும் இதே கதைதான்.

ஏப்ரல் 11 – வியாழன்

பச்சை அட்டைக் கூட்டம். ராபியா போய்விட்டு வந்து என் வீட்டில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"திரை கட்டியிருந்தாஹ அக்கா. அந்தப் பக்கம் பெரிய ஆளு ஒருத்தரு உருதுல பேசினாரு. பாதிதான் வெளங்குச்சு. பர்தா, பர்தான்னு ஒரு மணி நேரம். உங்க பர்தாவுக்கு எங்க உசுரைக் குடுப்போம்ங்காரு. நான் எந்திரிச்சு, கக்கூஸ் கதவுன்னேன். பக்கத்துல இருந்தவ என் கையப் புடிச்சு இழுத்து, ஆம்பளைங்க பேசுற எடத்துல அதையா கேப்பேன்னு உக்கார வச்சுட்டா."

தொழுவதற்கு ஒரு வெள்ளைத் துப்பட்டி கொடுத்தார்களாம். நல்ல துணி. ராபியா அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "இதை மறைப்புக்குப் பிடிச்சா பாவம்ல அக்கா?" என்று கேட்டாள். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் அழுதாள்.

ஏப்ரல் 14 – ஞாயிறு

சுயம்பு வந்து எனக்கு ஒரு வெள்ளை அட்டை கொடுத்தார். "அன்னைக்கு நடந்ததுக்கு ஸாரி டீச்சர். நீங்க இதுல வாங்க. நிராதார்னு ஒரு கையெழுத்துப் போட்டா மாசா மாசம் ஏதோ வரும்." வேண்டாம் என்று கிழித்துப் போட நினைத்தேன். ஆனால் கேட்பதற்கு மிச்சமிருப்பது இந்த ஒரு கூட்டம்தான். போனேன்.

ஆவுடையம்மாளும் நானும் இன்னும் சிலரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பந்தலும் இல்லை, கடலையும் இல்லை. வேட்பாளரே வந்தார். எல்லாரையும் "மாவ்ஷி, மாவ்ஷி" என்றார். சித்தியாம். நான் எழுந்து நின்று, எனக்குத் தெரிந்த மராட்டியில் எல்லாவற்றையும் சொன்னேன். சேலையைப் பிடுங்கினது, பிள்ளை தண்ணீர் குடிக்காதது, எல்லாம்.

பொறுமையாகக் கேட்டார். பிறகு சுயம்புவைப் பார்த்து, "குடும்பப் பெண்கள் யாரும் இதைக் கேட்கவில்லையே? ஹல்தி-குங்குவில் யாராவது சொன்னார்களா?" என்றார். சுயம்பு இல்லை என்றார். "முஸ்லிம் சகோதரிகள்?" அதற்கும் இல்லை. வேட்பாளர் என்னைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார். "ஹோ ஜாயேகா, மாவ்ஷி. ஆகிவிடும்."

மூன்று தடவை கேட்கலாம் என்று கணக்குப் போட்ட அறிவாளி நான். மூன்றாக வெட்டிப் போட்டால் எந்தத் துண்டுக்கும் வாய் இருக்காது என்று தெரியாமல் போயிற்று.

கையெழுத்துப் போடவில்லை.

ஏப்ரல் 17 – புதன்

மறைப்பு பிடிக்க மாடத்தி வரவில்லை. இப்போது தட்டு வாங்கினவர்கள் தனிக் கூட்டாகப் போகிறார்கள். என் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கஷ்டம். எனக்கும்தான்.

ஏப்ரல் 21 – ஞாயிறு

கதவு வந்துவிட்டது!

தள்ளுவண்டியில் எட்டுக் கதவு. புதுப் பலகை, ஒவ்வொன்றிலும் கட்சிச் சின்னம் வரைந்திருக்கிறது. கக்கூஸ் சுவரில் வரிசையாகச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். மாட்டவில்லை. கீல் வர வேண்டுமாம், ஓட்டு முடிந்ததும் ஆசாரி வருவானாம். சுயம்பு என்னைத் தேடி வந்து, "பாத்தீங்களா டீச்சர்? உங்க பேச்சுக்குத்தான் வந்துச்சு" என்றார். அது பொய் என்று தெரியும். ஆனாலும் மனசு கொஞ்சம் குளிர்ந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

கரீம் பாட்சா வந்து ஒரு கதவைத் தட்டிப் பார்த்தார். தோலைத் தட்டிப் பார்ப்பது போலத்தான். "மரம் நல்ல மரம்" என்றார். சாயிரா இன்றைக்கு ராத்திரி இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள் என்று ராபியா சொன்னாள்.

ஏப்ரல் 25 – வியாழன்

ஓட்டுப் போட்டோம். மஞ்சள், பச்சை, வெள்ளை எல்லாருக்கும் ஒரே வரிசை, வெயிலில். எல்லார் விரலிலும் ஒரே மை.

உள்ளே போய் முத்திரையைக் கையில் எடுத்தேன். நான் யாருக்கும் சத்தியம் செய்யவில்லை. என் கையில் எவளும் குங்குமம் வைக்கவில்லை. யாருக்கு வேண்டுமானாலும் குத்தலாம், யாருக்கும் குத்தாமலும் வரலாம். ஆனால் சுவரில் சாய்ந்திருக்கிற அந்தக் கதவுகளே கண்ணுக்குள் நின்றன. அவனுக்கே குத்திவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 27 – சனி

ஜெயித்துவிட்டார். பட்டாசு. பால்வாடியில் தூங்கிய பிள்ளைகள் எல்லாம் எழுந்து அழுதன.

மே 1 – புதன்

கீல் வரவில்லை. சுயம்பு கண்ணில் படவில்லை.

மே 5 – ஞாயிறு

சாயங்காலம் மைதானத்தில் பெண்களுக்கு நன்றி சொல்லும் கூட்டம். அட்டை எதுவும் வேண்டாம், எல்லாப் பெண்களும் வரலாம் என்று மைக்கில் சொன்னார்கள். சேர்ந்தே போனோம். மாடத்திகூட என் பக்கத்தில் வந்து நின்றாள்.

முன்னால் போன பிறகுதான் மேடையைப் பார்த்தேன். தார் டிரம்களை நிறுத்தி அதன் மேல் எங்கள் கதவுகளைப் பரப்பியிருந்தார்கள். எட்டும். மேலே ஒரு ஜமக்காளம். ஓரத்தில் சின்னத்தின் பாதி வெளியே தெரிந்தது. வஹினி அதன் மேல் நின்று, எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டாள். "இது பெண்கள் கொடுத்த வெற்றி" என்றார் பக்கத்தில் நின்ற அவள் புருஷன். எல்லாரும் கைதட்டினார்கள்.

மாடத்தி என் கையைப் பிடித்தாள். "மதினி, அது நம்ம கதவுல்லா?"

ஆமாம் என்றேன். அவளும் நானும் கைதட்டவில்லை. எங்கள் எதிர்ப்பு அவ்வளவுதான்.

மே 6 – திங்கள்

கதவுகள் திரும்பி வரவில்லை. கூட்டம் முடிந்து வேறு எங்கேயோ மேடை போட வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆவுடையம்மாளோடு கட்சி ஆபீசுக்குப் போனேன். "எந்தக் கதவு?" என்று கேட்டான் அங்கே உட்கார்ந்திருந்தவன். நிஜமாகவே அவனுக்குத் தெரியவில்லை.

மே 12 – ஞாயிறு

நோன்பு வருவதற்குள் சாயிராவை ஊரில் கொண்டு போய் விட்டுவிட வேண்டும் என்று கரீம் பாட்சா டிக்கெட் எடுத்துவிட்டார். ஒரு வருஷம் பொறுங்கள், என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "உங்க வீட்ல மட்டும் கக்கூஸ் இருக்கா டீச்சரம்மா?" என்றார். கேலி இல்லை. கேட்டார், அவ்வளவுதான்.

மே 15 – புதன்

கிளம்பும் முன் சாயிராவுக்குக் கடைசியாக மறைப்பு பிடித்தோம். நான் ஒரு முனை. இன்னொரு முனையை மாடத்தி தானாக வந்து பிடித்தாள். ராபியாவால் முடியவில்லை, ஓரமாகத் திரும்பி நின்றாள்.

வெளியே வந்த பிள்ளை என்னிடம், "பெரியம்மா, எட்டாவதுப் புஸ்தகத்தை நீங்க வச்சுக்கோங்க. திரும்பி வந்தா வாங்கிக்கிடுதேன்" என்றாள். வருவாய் என்று நான் சொல்லவில்லை. பொய் சொல்லியிருக்கலாம். புஸ்தகத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

மே 16 – வியாழன்

ஒன்றுமில்லை.

ஜூன் 16 – ஞாயிறு

பெருநாளுக்கு முன் கரீம் பாட்சா ஊரிலிருந்து வந்துவிட்டார். பெருநாள் முடிந்ததும் சாயிராவுக்கு நிக்காஹ். ராபியா வீட்டு வாசலில் நின்று நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த மனிதர் முகத்தில் ஒரு நிம்மதி.

"வீட்டுக்குள்ளயே கக்கூஸ். நல்ல கதவு, உள்தாழ்ப்பா. ஒரு குறையும் இல்ல. வாசப்படியத் தாண்ட வேண்டிய அவசியமே அவளுக்கு இல்ல, பாத்துக்க."

ராபியா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, "தண்ணி குடிக்காளா?" என்று மட்டும் கேட்டாள். குடிக்கிறாள் என்றார்.

இன்று காலை மாடத்தியின் மூத்த பெண் எங்களோடு வந்தாள். இத்தனை நாள் சின்னப் பிள்ளை என்று விட்டிருந்தாள், போன வாரம் வயசுக்கு வந்துவிட்டது. நான் ஒரு முனை, ராபியா ஒரு முனை. பிள்ளை சேலைக்கு வெளியே தலையை நீட்டி, "கெட்டியாப் பிடிச்சிருக்கீங்களா அத்தே?" என்று கேட்டாள். பிடித்திருக்கிறோம் என்றோம்.